யாருக்கும் வேண்டாத பந்து

மார்ச் 3

கோச்சம்மாவுக்கு,

போனில் நான் 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை, இனிமேல் எழுதினால்தான் ஆயிற்று என்று உத்தரவு போட்டுவிட்டாய். மகளோடு தினமும் பேசுவாயாம், என்னோடு மட்டும் கடிதமாம். சரி. எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் சர்வீஸ் ரிப்போர்ட்தான். 'மூன்றாம் மாடியில் கதவு மூடவில்லை. சென்சார் துடைக்கப்பட்டது. இப்போது சரி.' இதுவும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு கோல் வாங்கினோம். போட்டது ஒன்றுமில்லை. வக்கீல் உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அதுவரை விழுந்ததில் இரண்டு செல்லாது என்று நடுவரோடு அவள் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் ஏழாவது விழுந்தது, அதைச் சொல்லியிருக்க மாட்டாள். பெற்ற பெண்ணுக்கு வக்கீல் என்று நாமே பட்டப்பெயர் வைத்தது தப்பு.

போன ஜூனில் அந்த ஊருக்குப் பல் செட் செய்யக் கிளம்பும்போது இந்தப் பதினோரு பன்னிரண்டு வயதுக் கால்பந்துப் பட்டாளத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். "விசில் ஊதினா போதும், மத்ததை அவங்களே பாத்துப்பாங்க" என்றாய். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டார்கள். நீ கற்றுக்கொடுத்த சின்னச் சின்ன பாஸ், பொறுமை, எல்லாம் இருந்தது. இப்போது மூன்று பாஸ் போடுகிறார்கள், நாலாவதை நம் கோலுக்கு முன்னாலேயே எதிராளியின் காலில் கொண்டுபோய் வைக்கிறார்கள். தடுக்க வேண்டிய தூண் பெயருக்கேற்ப நின்றுகொண்டே இருக்கிறான். கோலில் நிற்கும் பூட்டு இப்போதெல்லாம் சாவி தொலைந்த பூட்டில்லை, கதவே இல்லாத பூட்டு. கொசு ஒருத்திதான் ஓடுகிறாள், அவளுக்கு யாரும் பந்து கொடுப்பதில்லை.

காலை ஆறிலிருந்து ஆறு மாடிக் கட்டடத்தின் மெஷின் ரூமில் மோட்டார் பிரித்துவிட்டு, கிரீஸ் போகாத கையோடு மைதானத்துக்குப் போகிறேன். அங்கே பதினொரு முகம் என்னையே பார்க்கிறது. எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. என்ன செய்யட்டும், சொல்.

லிஃப்ட்காரன்


மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

ரிப்போர்ட் கிடைத்தது. 'ம்' இல்லாமல் ஒரு பக்கம் எழுத உங்களால் முடியும் என்று தெரிந்தே பாதிக் களைப்பு போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. இங்கே லேபில் ஜன்னல் கிடையாது. பிளாஸ்டர் தூள் பறக்கும் என்று மூடி வைத்திருக்கிறார்கள். நாளெல்லாம் குனிந்து யார் யாருடைய வாய்க்கோ மெழுகில் பல் அடுக்கிவிட்டு வெளியே வந்தால் வெளிச்சம் போயிருக்கிறது. அறைக்கு வந்து தலையைத் துவட்டினால் துண்டு வெள்ளையாகிறது. நரையா தூளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கற்றுக்கொடுத்த ஆட்டத்தை மூட்டை கட்டி வையுங்கள். அது பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாஸுக்கும் தொண்டை கிழியக் கத்த ஓர் ஆள் இருந்தால் நடக்கும். உங்களுக்குக் கத்த வராது. அதனால் கவுன்டர் ஆடச் சொல்லுங்கள். எதிராளி பந்தோடு வரட்டும். நாம் எல்லோரும் நம் பாதியில் நெருங்கி நிற்போம், நடுவில் சந்து விடாமல். அவர்கள் மேலே ஏற ஏற அவர்கள் வீட்டில் ஆள் குறையும். பந்து நம் காலுக்கு வந்த அந்த நொடி, அவர்கள் திரும்பி ஓடி வந்து சேர்வதற்குள், அங்கே போய் கோல் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' வருவதற்கு உயிர் போகும். பந்தைப் பிடித்தவன் முதலில் முன்னால் பார்க்க வேண்டும். குழந்தைகள் பந்து கிடைத்ததும் அதையே குனிந்து பார்ப்பார்கள், ஏதோ காசு கிடைத்த மாதிரி. முதல் பாஸ் முன்னோக்கிப் போக வேண்டும். ஆளுக்குக் கொடுக்காமல், அவன் ஓடிப்போய்ச் சேரும் இடத்துக்குக் கொடுக்க வேண்டும். மூன்று பேர் ஓட வேண்டும், ஒருவர் நடுவில், இருவர் இரண்டு ஓரத்தில். நடுவில் பந்தோடு போகிறவர், எதிராளி தன்னிடம் வரும்வரை பந்தை விடக் கூடாது. அவன் வந்ததும் ஓரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். சீக்கிரம் கொடுத்தாலும் கெட்டது, தாமதித்தாலும் கெட்டது. பூட்டு பந்தை உதைத்து வானத்துக்கு அனுப்ப வேண்டாம், கையால் எறியட்டும். இரண்டு பேர் பின்னாலேயே இருக்கட்டும், இல்லையென்றால் நமக்கே கவுன்டர் விழும்.

பயிற்சிக்கு, மூன்று பேரை இரண்டு பேருக்கு எதிராக விடுங்கள். பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் துரத்தட்டும். துரத்துகிறவர்கள் வந்து சேர்ந்துவிட்டால் விசில், ஆட்டம் முடிந்தது. துரத்த ஆள் இருந்தால்தான் பிள்ளைகள் ஓடும்.

முட்டிக்குத் தைலம் போடுகிறீர்களா? ரிப்போர்ட்டில் அது இல்லை.

கோச்சம்மா


மார்ச் 25

கோச்சம்மாவுக்கு,

முட்டி சரி. தைலம் போடப்பட்டது.

நீ சொன்னபடி மூன்றுக்கு இரண்டு விட்டேன். முதல் நாள் மூன்று பேரும் நடுவிலேயே ஓடி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மறுநாள் ஆளுக்கொரு பாதை என்று தண்ணீர் பாட்டிலை வரிசையாக வைத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாதையைத் தொலைத்தார்கள். ஓரத்தில் ஓடுகிறவர்கள் பாதி வழியில் நின்று பந்து வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார்கள். "திரும்பாம ஓடுங்க, பந்து வரும்" என்றேன். உடனே நம் வக்கீல், "வரலைன்னா?" என்றாள். "வரலைன்னா திரும்பி வா, மறுபடி ஓடு." "எத்தனை வாட்டி?" "வர்ற வரைக்கும்." "அப்பா, இது நியாயமே இல்ல." நியாயமில்லைதான். ஆனால் கொசு ஒன்றும் பேசாமல் ஓடினாள். பந்து வராமல் திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வெட்கப்பட்டு ஓட ஆரம்பித்தார்கள்.

கடைசியில் லிஃப்ட் பாஷையில்தான் புரியவைத்தேன். "கதவு திறந்திருக்கு, மூடிக்கிட்டே வருது. மூடறதுக்குள்ள உள்ள போயிடணும். கையை விட்டு நிறுத்தற வேலையெல்லாம் இங்க கிடையாது" என்றேன். அது புரிந்தது. இப்போது பந்து பிடித்தவுடன் யாராவது ஒருவர் "கதவு" என்று கத்துகிறார்கள். எதிர் அணிக்காரர்கள் முழிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். ஆட்டம் முழுக்கப் பந்து அவர்களிடம்தான் இருந்தது. நாங்கள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நம் பாதியில் நின்றோம். கடைசிப் பகுதியில் தூண் காலை நீட்டியதில் பந்து மாட்டியது. ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காமல் வக்கீலுக்கு அடித்தான். அவள் நடுவில் கொண்டுபோனாள், கொண்டுபோனாள், எதிராளி பக்கத்தில் வரும்வரை விடவில்லை. பிறகு ஓரத்தில் கொசுவுக்கு விட்டாள். கோல்.

எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததுதான் தெரியும்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 3

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே வக்கீல் போனில் நேர்முக வர்ணனை கொடுத்துவிட்டாள். "அப்பாவுக்குச் சந்தோஷமா?" என்று கேட்டேன். "தெரியலம்மா, ஷூவோட தூங்கிட்டாரு" என்றாள். சிரித்தேன். பிறகு ஏனோ சிரிப்பு வரவில்லை. ஷூவைக் கழற்றிவிட ஆளில்லாமல் நீங்கள் அங்கே தூங்குகிறீர்கள், இங்கே நான் முகத்தில் மாஸ்க் தடம் போகாமல் தூங்குகிறேன். இரண்டு பேரும் எதற்காக இப்படி அலுத்துப்போகிறோம் என்று யாராவது கேட்டால் சொல்ல நம்மிடம் ஒரு வரி இருக்கிறதா?

அங்கே லேபை மூடி வேலையை இங்கே மாற்றியபோது ஒரு வருஷம்தானே என்று வந்தேன். அது ஜூனில் முடிகிறது. இன்று மேனேஜர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். முன்பல் வேலைக்கு என் கை வேண்டுமாம். என்னைப் புகழ்ந்தார், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். போடவில்லையென்றால் ஜூனில் வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே இதே வேலை கிடைக்குமா என்பது தெரியாது. ஏதாவது ஒரு பல் டாக்டரிடம் ரசீது எழுதும் வேலையாவது கிடைக்கும்.

இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்துவிட்டேன். தராசு ஆடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? யோசித்து எழுதுங்கள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

கவுன்டருக்கு ஒரு குறிப்பு. வேகம் முக்கியம்தான், ஆனால் போகும் வழி அடைத்திருந்தால் நின்று, பந்தை வைத்துக்கொண்டு, நம் ஆட்கள் வரும்வரை காத்திருக்கவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதையும் பயிற்சியில் சேருங்கள்.

கோச்சம்மா


ஏப்ரல் 12

கோச்சம்மாவுக்கு,

இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டோம். நம்பமாட்டாய். கடைசியிலிருந்து எண்ண வேண்டியிருந்த அணி, இப்போது மேலிருந்து எண்ணினாலும் சீக்கிரம் வந்துவிடுகிறது. எதிர் அணிப் பெற்றோர்கள் என்னிடம் வந்து எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். தபாலில் என்றால் சிரிக்கிறார்கள்.

நம் வக்கீல் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறாள், கேள். நேற்று எதிராளிகள் பயந்துபோய் முன்னால் ஏறவே இல்லை. பந்து நம்மிடமே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளைகள் கையைப் பிசைந்தார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? பந்தை வேண்டுமென்றே எதிராளிக்குத் தட்டிவிட்டாள். அவர்கள் சந்தோஷமாக மேலே ஏறி வந்தார்கள். பிடுங்கினோம், கதவு, கோல். "குடுத்தாதானே அப்பா திருப்பிப் பிடுங்க முடியும்" என்கிறாள். உன் மூளை, என் பிடிவாதம். இப்போது எல்லோரும் அதையே செய்கிறார்கள். நின்று பந்தை வைத்துக்கொள்ளும் பயிற்சிக்கு நேரம் வரவில்லை, தேவையும் படவில்லை.

போன வாரம் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா, நான் மேலேயிருந்து இறங்கி வரும்வரை போனில் மருமகளைத் திட்டிக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்ததும், "அதுக்குள்ள வந்துட்டீங்களே" என்றார். மற்றபடி கழுத்து வலி இருக்கிறது, தூக்கம் குறைவு. பாத்ரூம் கீசர் சூடாகவில்லை, உள்ளே இருக்கும் காயிலை மாற்ற வேண்டும்.

காகிதம் பற்றிக் கேட்டிருந்தாய். உன் இஷ்டம். உனக்கு எது சரியென்று படுகிறதோ செய்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 19

உங்களுக்கு,

லிஃப்டில் மாட்டிய அம்மாவுக்கு நாலு வரி. எனக்கு ஒரு வரி.

கிளம்பும் அன்றும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்று இதையேதான் சொன்னீர்கள். 'உன் இஷ்டம்.' அதைப் பெருந்தன்மை என்று வெளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். என் கூட வேலை செய்கிறவள்கூட, "உன் வீட்டுக்காரர் எதுக்குமே தடை சொல்றதில்லையே, குடுத்து வச்சவ" என்றாள். தடை சொல்ல வேண்டாம். ஆனால் நான் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கஷ்டம் என்று ஒருமுறையாவது உங்கள் வாயால் கேட்க எனக்கு ஆசை இருக்காதா? நாளைக்கு ஏதாவது கெட்டால் 'நீதானே முடிவு செய்தாய்' என்று சொல்ல வசதியாக இருக்கிறது இந்த இஷ்டம். என் இஷ்டம் என்று சொன்னால் அது பதில் இல்லை, கேள்வியைத் திருப்பி என்னிடமே தருவது.

பந்தை வேண்டுமென்றே எதிராளிக்குக் கொடுப்பது நான் கற்றுக்கொடுத்த ஆட்டமில்லை. சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

காகிதத்தைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கு அலுப்பாக இருக்கிறது.


ஏப்ரல் 25

கோச்சம்மாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். இன்று ஆட்டத்துக்கும் அதோடுதான் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எதிரில் பேக்கரிக்காரருடைய அணி. மைதானத்துக்குப் பின் தெருவில் கடை வைத்திருப்பவர், என்னைப் போலவே மாட்டிக்கொண்ட ஆள். எங்கள் ஆட்டத்தை மூன்று வாரமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். அதையே அவர் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

நடுவர் விசில் ஊதினார். நாங்கள் தொடங்கினோம், வழக்கம்போல் வக்கீல் பந்தை அவர்களுக்குக் கொடுத்தாள். அவர்கள் அதை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நாங்கள் மறுபடி கொடுத்தோம். அவர்களும் மறுபடி கொடுத்தார்கள். இரண்டு அணியும் அவரவர் பாதியில் நெருங்கி நிற்கிறது, ஒரு சந்து இல்லை. நடுவில் பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். பந்து நடுவட்டத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஒருவரும் கிட்டே போகவில்லை. பெற்றோர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார், அது வரிசையாக எல்லோருக்கும் தொற்றியது. நடுவர் பெரியவர், பாவம், பந்துக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, "யாருக்காவது இந்தப் பந்து வேணுமா, இல்ல நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

அப்போது வக்கீல்தான் போனாள். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் பதினொரு பேர் சுவர் மாதிரி. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இதை என்ன பண்றது?"

நான் சொன்னேன், "உன் இஷ்டம்மா."

அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மைதானமே கேட்கிற மாதிரி, "என் இஷ்டமா? நீங்கதானே கோச்? உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கப்பா, அதுக்கப்புறம் நான் சண்டை போடறேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு. பந்தை ஓங்கி வெளியே உதைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. உன் கடிதம் பையில் இருந்தது. ஒரே வாரத்தில் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து ஒரே இடத்தில் அடிக்கிறீர்கள்.

உன் இஷ்டம் என்று நான் சொல்வது பெருந்தன்மை இல்லை. பயம். வா என்று சொல்லி, நீ அந்த முன்பல் வேலையை விட்டுவிட்டு வந்து, இங்கே ரசீது எழுதிக்கொண்டு ஒருநாள் என்னை ஒரு பார்வை பார்ப்பாய் என்று பயம். நீயே வருகிறேன் என்று சொன்னால் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டிருப்பேன். நீ சொல்லட்டும் என்று காத்திருந்தேன். போன புதன்கிழமை மகள் தூங்கின பிறகு கூப்பிட்டேனே, அது கேட்கத்தான். கீசர் காயில் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். வா. கையெழுத்துப் போடாதே. நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் யாரிடமும் பேச வேண்டாம் போலிருக்கிறது, பேச ஆளில்லை என்பதாலும் அழுகை வருகிறது. இரண்டு வருஷம் என்னால் முடியாது. நாளைக் காலையே தபாலில் போட்டால் முப்பதாம் தேதிக்குள் சேர்ந்துவிடும்.

உன் வீட்டுக்காரன்


மே 2

உங்களுக்கு,

கடிதம் இருபத்தொன்பதாம் தேதியே வந்துவிட்டது. தபால்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் பதினேழாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் 'உன் இஷ்டம்' வந்த மறுநாள். மேனேஜர் அறையில் நின்றபடியே போட்டேன். பத்தொன்பதாம் தேதி உங்களுக்கு எழுதும்போது அதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இவர் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். வா என்று எழுதினால், உடனே ஓடிப்போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு. எழுதாவிட்டால், பார்த்தாயா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். உங்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன, பந்தை உங்களிடம் தள்ளிவிட்டு என் பாதியில் நின்றுகொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வரணும்போல இருக்கிறது என்று ஒரு வரி நானும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தராசு ஆடுகிறது என்று எழுதினேன். அது பொய். தராசு ஆடவே இல்லை.

உங்கள் கடிதத்தை லேப் வாசலில் நின்று படித்தேன். 'உன் வீட்டுக்காரன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. நேராக மேனேஜரிடம் போனேன். காகிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். என் இடத்துக்கு ஆள் எடுக்கும் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்களாம். நல்ல மனுஷர்தான், கெஞ்சினேன், கேட்டுக்கொண்டார். "பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன்" என்றார். ஒரு வருஷம் முடிந்தால் விலக வழியுண்டு, அதற்கு முன் இல்லை.

ஆக இன்னும் ஒரு வருஷமாவது நான் இங்கேதான். இருபத்தொன்பதாம் தேதியிலிருந்து பல்லைப் பிழையாக அடுக்குகிறேன். நேற்று ஒருவருக்கு மேல் வரிசையைக் கோணலாக வைத்துவிட்டு, மெழுகை உருக்கி முதலிலிருந்து செய்தேன். நீங்கள் இங்கே வாருங்கள் என்று கேட்கப்போவதில்லை. உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள், அவளுக்குப் பள்ளிக்கூடம், அந்தப் பட்டாளம். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைப் போல எனக்கும் பயம்தான்.

இதற்கு அவசரப்பட்டுப் பதில் எழுத வேண்டாம். நான் மிகவும் களைத்திருக்கிறேன். ஒரு வருஷம் ஓடிவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மே 27

வீட்டுக்காரிக்கு,

அவசரப்படாதே என்றாய், அதனால் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. போனிலும் 'ம்'தான். கோபமாக இருப்பாய். இருக்கட்டும், நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆமாம், வருகிறோம். நீ கேட்கவில்லை என்பது தெரியும். கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். 'வரட்டுமா?' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு நீ என்ன எழுதுவாய் என்று தெரியும். வேலை, பள்ளிக்கூடம், முட்டி என்று ஆயிரம் காரணம் எழுதிவிட்டுக் கடைசியில் உங்கள் இஷ்டம் என்று முடிப்பாய். கிழித்துப் போட்டுவிட்டேன்.

கம்பெனிக்கு அந்த ஊரிலும் கிளை இருக்கிறது. மாற்றல் கேட்டேன். என் பதவி அங்கே காலி இல்லையாம், இரவுப் பணியில் சாதாரண மெக்கானிக்காக வருகிறாயா என்றார்கள். வருகிறேன் என்றேன். எனக்குக் கீழே இருந்த நாலு பேரும் பேயறைந்த மாதிரி பார்த்தார்கள். மறுபடியும் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும், இந்த வயதில் அது ஒன்றும் இனிப்பாக இல்லை. கம்பெனி மூலம் ஒரு அறையும் சமையலறையும் கிடைத்திருக்கிறது. சின்னது. மூன்று பேர் ஒரே நேரத்தில் கோபித்துக்கொண்டு தனித்தனியாக உட்கார இடம் இருக்காது.

பட்டாளத்தைப் பேக்கரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். இரண்டு அணியையும் சேர்த்து ஒன்றாக்குகிறார். பந்தை வைத்துக்கொள்ளத் தெரியாத இரண்டு கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி நாள் பிள்ளைகளிடம் சொன்னேன். தூண் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கோச், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும். ஆனா நீங்க தினமும் வந்தீங்க" என்றான். கொசு நான் தள்ளிக்கொண்டு போன பைக்கை ஒட்டியே நடந்து கேட் வரை வந்தாள்.

வக்கீலிடம் சொன்னபோது ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. சிநேகிதிகளை விட்டு எப்படி வருவேன் என்று அழுதாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டாள். எனக்கு உன் அம்மா வேணும் என்றேன். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்று எழுந்து போய்ப் பெட்டியை எடுத்தாள். உன்னிடம் போனில் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக வழியெல்லாம் ஜன்னல் சீட்டு அவளுக்குத்தான், சமையலில் நான் தலையிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதிச் சாமானை விற்றாயிற்று, அலமாரி போன இடத்தில் சுவர் வெளுப்பாக நிற்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் என்ன காரியம் செய்கிறாய் என்று ஒரு குரல் கேட்கிறது. ஆனாலும் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கெட். வீட்டுச் சாவியைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்கிறேன், அன்றைக்கே அடுத்தவர்கள் குடி வருகிறார்கள். போனில் சொன்னால் 'ம்' என்பேன்; வேண்டாம், வராதீர்கள் என்று நீ பதில் எழுதினால், அதை அவர்கள்தான் பிரித்துப் படிப்பார்கள்.

உன் வீட்டுக்காரன்